போக்கர் ஆட வெளிநாடு கிளம்பும் தம்பிகளுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "டிக்கெட் போட்டாச்சுங்ண்ணா. கையில பன்னண்டு லட்சம் இருக்குது. ரெண்டு மாசம் ஒழுங்கா ஆடினா வாடகை தானா வந்துருமில்லீங்ண்ணா?" எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தது. 2017-ல் கோபியிலிருந்து கிளம்பும்போது நானும் எனக்குள்ளே கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிக்கொண்டேன்.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆடலாம் என்று ஈரோடு, பெருந்துறை, கோவைப் பக்கமிருந்து இப்படிக் கூப்பிடுகிறவர்களில் இவன் ஆறாவது ஆள். எல்லோரும் ஒரே குழியை நோக்கித்தான் நடக்கிறார்கள். குடித்துவிட்டு ஆடாதே, கோபத்தில் ஆடாதே என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது தெரியாதவன் பவானி ஆற்றைத் தாண்டவே வேண்டாம். ஆட்டத்தை நடத்தும் இணையதளம் எடுக்கும் கமிஷன் போக, இந்தச் சீட்டாட்டத்தில் பெரும்பாலானவர்கள் தோற்கத்தான் செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தூக்கம் சரியானதை, ஆட்டம் சரியானதாக நினைப்பது

நான் போனது மெக்சிகோவின் கரீபியன் கரையில் இருக்கும் பிளாயா டெல் கார்மென். அங்கே போக்கர்காரர்கள் கூடியதற்கு ஒரு கதை உண்டு. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை பெரிய போக்கர் தளங்களின் இணைய முகவரிகளைப் பறிமுதல் செய்தது. தொழிலாக ஆடிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் கனடா, கோஸ்டாரிகா, மெக்சிகோ என்று மூட்டை கட்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து ஆடுவது சாதாரணமாகியிருந்தது. என்னிடம் பழைய ஐ.டி. வேலையில் வாங்கிய அமெரிக்க விசா இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை.

ஐரோப்பாவில் ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் டோர்னமென்ட், கோபியில் இரவு பதினொன்றரை. பைனல் டேபிள் வரை போனால் பால்காரர் வந்துவிடுவார். அதே டோர்னமென்ட் பிளாயாவில் பகல் ஒரு மணிக்கு. மூன்று வருடமாக ஆந்தையாக இருந்தவனுக்கு ராத்திரி தூங்குவதே பெரிய மாற்றம். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போனது, காலையில் கடற்கரையில் நடந்தேன், முதல் மாதம் ஜெயிக்கவும் செய்தேன். இடம் மாறியதால் ஆட்டமே ஒரு படி ஏறிவிட்டது என்று நம்பினேன். ஏறவில்லை. நன்றாகத் தூங்கிய அதே பழைய ஆட்டக்காரன்தான்.

வீட்டுச் செலவையும் ரோலையும் (ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய முதல்) ஒரே பையில் வைப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் கொண்டுபோனது 24,000 டாலர், அன்றைய மதிப்பில் 15.5 லட்சம் ரூபாய். சராசரியாக 30 டாலர் டோர்னமென்ட் ஆடினேன், அதாவது கையில் 800 பை-இன் (நுழைவுக் கட்டணம்). ரோல் என்று பார்த்தால் தாராளம், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கோபியில் இருந்தவரை எனக்கு வாடகை கிடையாது, அம்மா கையால் அரிசிம்பருப்பு சாதம், கரண்ட் பில் அப்பா கணக்கு. ஜெயித்ததெல்லாம் ரோலிலேயே தங்கியது. பிளாயாவில் வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், இரண்டு இன்டர்நெட் லைன் எல்லாம் சேர்ந்து மாதம் 1,500 டாலர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 350 டோர்னமென்ட், 30 டாலர் வீதம் 10,500 டாலர் ஆட்டத்தில் போகிறது. எனக்கு அப்போது நீண்டகால லாபம் சுமார் 15 சதவீதம், அதாவது மாதம் 1,575. செலவு 1,500. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மிச்சம் 75 டாலர்! இதை ஊரில் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நான் எழுதவில்லை. விமானத்தில் எந்தச் சூட்கேஸ் எத்தனை கிலோ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

அதோடு, பெரிய கூட்டம் ஆடும் டோர்னமென்ட்டில் லாபம் மாதச் சம்பளம் மாதிரி வராது. உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரனும் ஆயிரம் டோர்னமென்ட் முடிந்து நஷ்டத்தில் நிற்பான். எனக்கும் அப்படி மூன்று மாதம் வந்தது. டேபிளில் போனது 4,200 டாலர். அதே மூன்று மாதத்தில் வீட்டுச் செலவு 4,500. டவுன்ஸ்விங்கைவிட (டேபிளில் வரும் தொடர் நஷ்டம்) வாடகையும் சோறும்தான் அதிகம் தின்றிருக்கிறது, நானோ கார்டுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மிச்சம் 15,300. அங்கேயே நிறுத்தி ஊர் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். நான் செய்தது என்ன? வாடகையைச் சீக்கிரம் எடுக்க 109 டாலர் டோர்னமென்ட்டுக்கு ஏறினேன். கையில் வெறும் 140 பை-இன், எதிரில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள். அதைவிட மோசம், ஆடும்போது தலைக்குள் வீட்டு ஓனர் உட்கார்ந்துவிட்டார். கையிலிருக்கும் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) மொத்தத்தையும் வைத்து ஆல்-இன் போட வேண்டிய இடத்தில், சீட்டைக் கீழே போட்டு ஃபோல்டு செய்தேன், ஏனென்றால் அந்தச் சிப்ஸ் எனக்குச் சிப்ஸாகத் தெரியவில்லை, பாதி மாத வாடகையாகத் தெரிந்தது. ஐந்து வாரத்தில் 8,000 டாலர் போனது. டிக்கெட் எடுத்து ஊர் வந்தபோது கையில் ஐயாயிரத்துச் சொச்சம்.

எங்களுக்கு மஞ்சக்காடு. அறுவடையில் ஒரு பங்கை விதைக்கென்று தனியாக நிழலில் குவித்து மூடிவைப்போம், மற்றதை வேகவைத்துக் காயவைத்துதான் மண்டிக்கு அனுப்புவோம். வெந்த மஞ்சள் முளைக்காது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெதைக்கு வெச்ச மஞ்சளை வேக வெச்சுட்டு வந்திருக்கற"ன்னு சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். சீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷன். நான் பார்த்த பயிற்சி வீடியோ எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் கோவையில் வேலைக்குப் போனேன். மறுபடி கிளம்பும்போது ஒரு வருடச் செலவு 18,000 டாலர் தனி வங்கிக் கணக்கில். ரோல் வேறு, அதில் கைவைப்பது கிடையாது. மாதாமாதம் எனக்கு நானே 1,500 கொடுத்துக்கொள்வேன். ஆட்டத்தில் வரும் லாபத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பிரிப்பேன். திருப்பூர்த் தம்பியின் பன்னிரண்டு லட்சத்தில் வருடச் செலவைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். ரோல் என்று மிஞ்சியது பூஜ்யம்கூட இல்லை, மைனஸ். "அப்போ ரெண்டு லெவல் மேல ஆடினா...?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் நானே திருப்பிக் கூப்பிட்டேன், அது வேறு.

நாளை எண்ணாமல் ஊருக்கு வருவது

ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் நீங்கள் இங்கே குடியிருப்பவர். சமீபத்தில் கிளம்பிப் போன ஆளுக்கு, உலகத்தில் எங்கே ஜெயித்த பணமும் இங்கே கணக்கில் வரும். 2023 ஏப்ரலிலிருந்து ஆன்லைன் ஆட்ட வெற்றிக்கு நேராக 30 சதவீதம் வரி, வாடகை, டிக்கெட் எதையும் செலவாகக் கழிக்க முடியாது. 120 நாள், 60 நாள் என்று கிளை விதிகளும் உண்டு, சிலர் அதிலும் மாட்டுவார்கள். பண்ணாரியம்மன் குண்டம் திருவிழாவுக்குப் பங்குனியில் வந்து, தங்கச்சி கல்யாணம் முடியட்டும், மாமன் வீட்டு விசேஷம் முடியட்டும் என்று தங்குகிற ஆள் நான். நிதியாண்டு மாறுவதும் அதே சமயத்தில். எந்த வருடத்தில் எத்தனை நாள் என்று குழம்பி, கடைசியில் பாஸ்போர்ட் முத்திரைகளை ஆடிட்டர் ஒவ்வொன்றாக எண்ணினார். கிளம்புவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கையும் என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியருக்கான கணக்கு) மாற்றியாக வேண்டும். நான் அதைக்கூடச் செய்யாமல் போனவன்.

முழுப் பணத்தையும் ஒரே தளத்தில் விடுவது

2011-ல் ஃபுல் டில்ட் என்ற போக்கர் தளம் மூடியபோது ஆட்டக்காரர்கள் போட்ட பணம் அங்கே முழுசாக இல்லவே இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அது திரும்ப வரத் தொடங்கியது 2014-ல். மூன்று வருடம் வாடகைக்கு என்ன செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

டூரிஸ்டாகவே காலம் தள்ளலாம் என்று நினைப்பது

மெக்சிகோவில் அதிகபட்சம் 180 நாள். அதிகாரி நினைத்தால் குறைத்தும் எழுதுவார். தற்காலிகமாகக் குடியிருக்கும் அனுமதிக்கு வங்கி ஸ்டேட்மென்ட்டோடு அவர்கள் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சீக்கிரமே தொடங்குங்கள்.

ஊரில் உட்கார்ந்து, வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் வி.பி.என். போட்டு ஆடுவது

வேண்டாம். கணக்கு முடங்கும், பணமும் போகும்.

அடுத்தவன் பேரில் ஆடுவது

அதேதான்.

ஸ்டேக்கிங் (அடுத்தவர் பணத்தில் ஆடி லாபத்தைப் பங்கு பிரிப்பது) ஒப்பந்தத்தை வாய்வார்த்தையாக வைப்பது

எழுதி வாங்குங்கள், மச்சானாக இருந்தாலும்.

வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போவது

சாஃப்ட்வேர் வேலை என்று சொல்லிக் கிளம்பினால் ஜெயித்தாலும் பேச ஆள் இருக்காது, தோற்றாலும் இருக்காது. மூன்று மாத நஷ்டத்தில் நான் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்ததற்கு இந்தப் பொய்யும் ஒரு காரணம். இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒறம்பரை யாராவது கேட்டால் மட்டும் அம்மா, "கம்ப்யூட்டர்ல ஏதோ கணக்குப் பாக்கறானுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி வைக்க உள்ளே போய்விடுவார்.