கும்பாபிஷேக மலருக்கு ஊர்க்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம் என்றாலும், மலரில் ஊரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் என்னிடம் வருவார்கள். ஸ்தல புராணம் எழுத ஆள் நிறைய. எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த பஸ்ஸில் வருவது என்று எழுதத்தான் ஆள் இல்லை. இனி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஜனத்தொகை. ஊர்வாரியாக இப்போது கையில் இருப்பது 2011 கணக்குதான். 2021இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதனால் எண்ணை எங்கே போட்டாலும் பக்கத்திலேயே 2011 என்று போட்டுவிடுங்கள். பாலக்காடு மாவட்ட சென்சஸ் கையேடு இரண்டு பாகமாக இருக்கும். 'பி' பாகத்தில் வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள், வேலை செய்கிறவர்கள் என்று எல்லாம் வரும். ஆறு மாதமாவது வேலை கிடைத்தவர் ஒரு பட்டியலில், அதற்குக் குறைந்தவர் இன்னொன்றில். கூலி வேலை அதிகமுள்ள ஊரில் இந்த இரண்டாவது எண்ணை விட்டுவிடாதீர்கள்; ஊரின் நிலைமை அதில்தான் தெரியும்.

பலரும் சறுக்குவது எல்லைக்கோட்டில். சென்சஸ் எண்ணுவது வருவாய்க் கிராமத்தை. கேரளத்தில் அது ரொம்பப் பெரியது. 2011இல் மாநிலம் முழுக்க 1,018 கிராமங்கள்தான் கணக்கில் இருந்தன, ஜனமோ 3.34 கோடி. உங்கள் களத்தில் (இந்தப் பக்கத்துச் சிற்றூர்களைக் களம், பதி என்றுதான் சொல்வோம்) நூறு வீடு இருக்கலாம், கையேட்டில் பல ஆயிரம் பேர் நிற்பார்கள். அக்கம்பக்கத்துக் களமும் பதியும் சேர்ந்த தொகை அது. அதை அப்படியே உங்கள் களத்தின் பெயரில் அச்சடித்தால் பூசாரியே சிரிப்பார். பஞ்சாயத்து எல்லையும் கிராம எல்லையும் எப்போதும் ஒன்றாக இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, களத்துக்கு மட்டும் எண் வேண்டுமென்றால்? அங்கன்வாடி டீச்சரிடம் வீட்டுக் கணக்குப் புத்தகம் இருக்கும். அவரிடம் கேட்டு, யாரிடம் எந்த மாதம் கேட்டது என்பதையும் எழுதுங்கள். வாக்காளர் பட்டியலை நம்பி இறங்காதீர்கள். பதினெட்டுக்குக் கீழே யாரும் அதில் இல்லை, திருப்பூருக்குக் குடிபோனவர் இன்னும் இருப்பார். தமிழ் பேசுகிறவர் எத்தனை பேர் என்று கமிட்டி கட்டாயம் கேட்கும். தாய்மொழிக் கணக்கு தாலுகாவோடு நின்றுவிடுகிறது, அந்த அளவிலேயே கொடுங்கள்.

போக்குவரத்துக்கு அந்தக் கையேட்டின் 'ஏ' பாகம் கொஞ்சம்தான் உதவும். ஊரில் பஸ் இல்லையென்றால் ஐந்து கிலோமீட்டருக்குள், ஐந்திலிருந்து பத்து, பத்துக்கு மேல் என்று தூரம் மட்டும் சொல்லும். எத்தனை டிரிப் என்பதற்கு ஸ்டாப்பிலுள்ள டீக்கடைதான் ஆபீஸ். பாலக்காட்டுப் பக்கம் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு ஒரு பத்தி, எல்லை தாண்டிக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போகிற பஸ்ஸுக்கு ஒரு பத்தி எழுதுங்கள். கேரளத்து ஊர் என்பதற்காகத் தமிழ்நாட்டு பஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் பாதி ஜனம் போவது அதில்தானே! முதல் பஸ், கடைசி பஸ், ஞாயிற்றுக்கிழமை கட் ஆகும் டிரிப், ராத்திரி ஊரிலேயே ஹால்ட் ஆகும் வண்டி: இந்த நான்கையும் கண்டக்டரிடமே கேளுங்கள். டீக்கடைக்காரர் பழைய நேரத்தைச் சொல்லிவிடுவார். பஸ் பலகை மலையாளத்தில் இருக்கும்; வெளியூர்ப் பக்தருக்காக அந்த எழுத்தையும் அப்படியே அச்சிட்டால் நல்லது.

ரயிலைப் பற்றி எழுதும்போது கவனம். பொள்ளாச்சி – பாலக்காடு பாதை அகலமாக்குவதற்காக 2008இல் மூடி 2015இல் திறந்தது. பழைய மலரைப் பார்த்து மீட்டர் கேஜ் காலத்து நேரத்தை எடுத்துப் போடாதீர்கள். அந்தப் பாதையில் மீனாட்சிபுரத்தில் ஸ்டேஷன் இருக்கிறது என்பதோடும் நிறுத்தக் கூடாது. எந்த வண்டி அங்கே நிற்கிறது என்று அட்டவணையில் பார்த்த பிறகே எழுதுங்கள்.

எதற்காவது எழுத்துமூலம் தகவல் வேண்டியிருந்தால் பஞ்சாயத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழருக்கும் கன்னடருக்கும் அந்த உரிமை இருக்கிறது. மலர் அச்சுக்குப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.