‘பை’ எங்கே ‘ஆல்’, எங்கே ‘க்குள்’?

ஆங்கிலத்தின் ‘பை’ (by) என்ற சின்னச் சொல்லுக்கு (சந்தைக்குக் கொண்டுபோகிற பை அல்ல) தமிழில் ஒரே ஈடு கிடையாது. வசனத்தை முதலில் தமிழில் சொல்லி, எந்த உருபு வருகிறதென்று பாருங்கள்.

அதிகம் பிழை வருவது ‘ஆல்’ உருபில். செய்தவரைச் சொன்னால் ‘பை’, கருவியைச் சொன்னால் ‘வித்’. ‘அம்மாவால் வெட்டப்பட்ட பலாப்பழம்’ என்பதற்கு ‘பை’. ‘கத்தியால் வெட்டினார்’ என்பதற்கு ‘வித்’. நமக்கு இரண்டுக்கும் ஒரே உருபு, அதுதான் சிக்கல்.

நேரத்தில், ‘வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுங்கள்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. வியாழனே கொடுத்தாலும் சரி. ‘வெள்ளி வரை நல்லூரில் நிற்பேன்’ என்றால் ‘அன்டில்’. நிற்பது அதுவரை தொடர்கிறது.

‘பை பஸ்’ சரி. நடுவில் ‘மை’ நுழைந்தால் ‘பை’ நில்லாது: ‘இன் மை கார்’. ‘பை வோக்’ வேண்டவே வேண்டாம், ‘ஒன் ஃபுட்’ (on foot) என்று எழுதுங்கள்.

விலையில் கவனம்: 100 ரூபாத் தேங்காய் ‘பை 20’ ஏறினால் 120, ‘டு 120’ என்றாலும் அதே விலைதான். ‘பை 120’ என்று எழுதினால் 220 ஆகிவிடும்.