சிற்றூர்க் கால்பந்து கிளப்பின் வரலாற்றை எழுதுவது எப்படி

கோப்பையில் தொடங்காதீர்கள், ஊரில் தொடங்குங்கள். பிளைத் ஊரின் சிறிய கிளப்பான பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் பற்றி எழுத உட்கார்ந்தபோது நான் முதலில் விரித்தது வடகிழக்கு இங்கிலாந்தின் வரைபடத்தைத்தான். நிலக்கரி ஏற்றிய துறைமுகம், சுற்றிலும் சுரங்கங்கள், அங்கே 1899இல் பிறந்த அணி. யார் ஆடினார்கள், யார் பார்க்க வந்தார்கள் என்பது இதிலேயே பாதி புரிந்துவிடும்.

அடுத்து, உள்ளூர்ச் செய்தித்தாள்களின் பழைய கட்டுகளைத் தேடுங்கள்.

பெரிய நாளை மட்டும் நிதானமாக எழுதுங்கள். 1978, சிறிய கிளப்புகளும் பெரிய கிளப்புகளும் மோதும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை. தங்களைவிடப் பெரிய கிளப்பான ஸ்டோக் சிட்டியை அதன் மைதானத்திலேயே 3-2 என வீழ்த்தி, ஐந்தாம் சுற்றுக்குப் போனார்கள். அந்தச் சுற்றில், ரெக்ஸ்ஹாம் அணியின் மைதானத்தில் பிளைத் 1-0 என முன்னிலை. ஆட்டம் முடியும் தறுவாயில், உறைந்த தரையில் கார்னர் கொடி நிற்காமல் சாய, ரெக்ஸ்ஹாமின் கார்னரை மறுபடி அடிக்கச் சொன்னார் நடுவர். அதில் கோல் விழுந்து ஆட்டம் 1-1 என சமனானது! நியூகாசிலில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 தோல்வி. பார்த்தவர்கள் 42,000க்கும் மேல். இடம் போதவில்லை என்று அந்தக் கொடியை வெட்டிவிடாதீர்கள்.

அன்று ஆடியவர்களுக்கு வயதாகிவிட்டது. தள்ளிப்போடாமல் போய்ப் பேசுங்கள். ஸ்கோரைக் கேட்க வேண்டாம், அது அச்சில் இருக்கிறது. அவர்கள் முழுநேர ஆட்டக்காரர்கள் அல்ல; வேலையில் விடுப்பு எப்படி வாங்கினார்கள் என்று கேளுங்கள்.