குனியாமல் டிஷ்வாஷர்: முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஐந்து வேலைகள்

டிஷ்வாஷரில் முழங்காலுக்குக் கீழே கை போக வேண்டிய இடங்கள் ஐந்துதான். கீழ்க்கூடை, கதவின் உட்புறம் இருக்கும் சோப்புப் பெட்டி, அடியில் இருக்கும் உப்புத் தொட்டி, அதன் பக்கத்திலேயே ஃபில்டர், இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தண்ணீர்க் குழாய். முதுகுவலியோ முட்டிவலியோ உள்ளவர்கள் வீட்டில் ஆசையாக வாங்கிய இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது என்றால், பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றையும் மேலே கொண்டுவரலாம், அல்லது அடிக்கடி செய்யத் தேவையில்லாமல் பண்ணலாம். இரண்டும் முடியாத ஒன்றிரண்டை மட்டும் வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

வாங்கும் முன்: உயரத்தைத் தீர்மானியுங்கள்

வழக்கமான 60 செ.மீ. அகல இயந்திரம் சுமார் 85 செ.மீ. உயரம் இருக்கும். கதவைத் திறந்தால் அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் படுத்துக்கொள்ளும். கீழ்க்கூடை அதன் மேல்தான் உருண்டு வரும். நின்றபடி எட்டினால் இடுப்பு முழுதாக மடங்கியே ஆக வேண்டும்.

இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு என்றால் சமையல் மேடைமேல் வைக்கும் சிறிய இயந்திரமே நல்லது. எல்லா வேலையும் நின்றபடியே முடியும். வாங்கும் முன் சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 8 பேருக்கான மாடல்கள் 60 செ.மீ. உயரத்தை நெருங்கும், அலமாரியில் இடித்துவிடும். பெரிய குக்கரும் அகலமான கடாயும் இதில் போகாது. அவற்றைக் கையால்தான் கழுவ வேண்டும்.

பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு மேடை கட்டுங்கள். செங்கல் வைத்து, மேலே கல் பதித்து, 25 முதல் 30 செ.மீ. உயரம் போதும். நான்கு கால்களும் முழுதாக அதன்மேல் உட்கார வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்திருந்தால் கதவு சரியாக மூடாது, தண்ணீர் கசியும். இயந்திரம் முன்னால் சரியாமல் இருக்கச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். சக்கரம் வைத்த வாஷிங் மெஷின் ஸ்டாண்டு இதற்கு ஆகவே ஆகாது. கதவு திறந்திருக்கும்போது கூடையை இழுத்தால் எடை முழுதும் முன்பக்கம் வரும், ஸ்டாண்டு நகர்ந்துவிடும். மேடை கட்டிய பிறகும் நிறைந்த கூடைகள் இரண்டையும் ஒரே சமயத்தில் வெளியே இழுக்காதீர்கள்.

மேடை கட்டும்போது பலர் கோட்டைவிடுவது வடிகுழாயில். இயந்திரத்தை உயர்த்திவிட்டு, குழாயைத் தரை ஜாலியில் அப்படியே தொங்கவிட்டால், உள்ளே வரும் தண்ணீர் வரவரத் தானாகவே வடிந்து போய்விடும். இயந்திரம் நிரம்பாமல் திணறி, பிழைக் குறியைக் காட்டி நிற்கும். ஊழியர் வந்து பம்ப் கெட்டுவிட்டது என்று சொன்னாலும், குற்றம் குழாயின் உயரத்தில் இருக்கலாம். வடிகுழாயை முதலில் மேலே ஏற்றி வளைத்து, பிறகுதான் கீழே இறக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் இந்த வளைவு இயந்திரம் நிற்கும் தளத்திலிருந்து 40 செ.மீ.க்கு மேல், 100 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் மாடலின் அளவு கையேட்டில் இருக்கும்.

நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் 1997-இல் மேசை இழுப்பறை போல இழுக்கும் டிஷ்வாஷரைக் கொண்டுவந்தது. அதன் மேல் இழுப்பறை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் வரும். கீழ்க்கூடையே மேலெழும்பி வரும் மாடல்களும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம், விலை அதிகம்.

குழாயும் ப்ளக்கும் கண்ணுக்கு நேரே

பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வந்திருக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் வரும் முக்கால் அங்குலக் குழாயின் திருகு, சமையல் மேடைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 16 ஆம்பியர் சுவிட்சும் அதே உயரத்தில். இயந்திரத்தில் தண்ணீர் கசிந்தால் முதலில் செய்ய வேண்டியது இந்த இரண்டையும் அடைப்பது. அப்போது இயந்திரத்தை நகர்த்தி, பின்னால் தவழ்ந்து போய்த் திருகிக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீரின் அழுத்தத்தையும் பாருங்கள். 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார். பல மாடல்கள் 0.5 பார் கேட்கும். அப்படியானால் சிறிய அழுத்த பம்ப் ஒன்று வேண்டியிருக்கும்.

அடுக்குவது: எதிரே நிற்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்

திறந்த கதவு சுமார் 60 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே நின்றால் அந்த 60 செ.மீ. தாண்டி எட்ட வேண்டும். குனிவதோடு நீட்டுவதும் சேர்ந்துகொள்ளும். கதவின் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்காருங்கள். வலதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இயந்திரத்தைப் பார்த்தபடி இடப்பக்கம் உட்கார்ந்தால் வலக்கை கூடைக்கு அருகில் இருக்கும். இருக்கை 45 செ.மீ. அல்லது சற்று அதிக உயரம், இருபுறமும் கைப்பிடி, சக்கரம் இல்லாதது. முக்காலியும் மோடாவும் எழுந்திருக்கும்போது முட்டியைப் படுத்தும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், குனிவதற்கு மருத்துவர் எல்லை சொல்லியிருக்கும் காலம் வரை கீழ் வேலை எதையும் தொட வேண்டாம்.

எழும்போது சமையல் மேடையைப் பிடித்து எழுங்கள். திறந்த கதவில் கை ஊன்றவே கூடாது. கீல் வளையும், இயந்திரம் கவிழவும் கூடும்.

அடுக்கும் முறை இது:

1. சிங்க்கிலேயே, நின்றபடி, தட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு, முருங்கைச் சக்கை எல்லாவற்றையும் ரப்பர் கரண்டியால் வழித்துக் குப்பையில் போடுங்கள். கழுவ வேண்டாம், வழித்தால் போதும். இங்கே செலவாகும் ஒரு நிமிடம், ஃபில்டருக்காகக் குனியும் வேலையைக் குறைக்கும்.

2. அன்றாடப் பாத்திரம் எல்லாம் மேல்கூடைக்கே. டம்ளர், டவரா, கிண்ணம், காபி பில்டரின் பாகங்கள். எவர்சில்வர் டம்ளர் எடை குறைவு. தண்ணீர் பீய்ச்சும்போது புரண்டு, உள்ளே அழுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கம்பிகளுக்கு நடுவே இறுக்கமாகக் கவிழ்த்து வையுங்கள். மேல்கூடைக்கு மட்டும் அரைச் சுமை வசதி உங்கள் இயந்திரத்தில் இருந்தால், பல நாட்கள் கீழ்க்கூடையைத் தொடவே வேண்டாம்.

3. கரண்டிக் கூடையைக் கழற்றிச் சமையல் மேடைமேல் வைத்து நிரப்புங்கள். கழுவி முடிந்ததும் அப்படியே எடுத்து மேடைமேல் வைத்தே காலி செய்யுங்கள். கத்தி முனை கீழ்நோக்கி இருக்கட்டும். நீளமான சாம்பார்க் கரண்டியைக் கூடையில் நிறுத்தாமல் மேல்கூடையில் படுக்க வையுங்கள். நிறுத்தினால், தண்ணீர் பீய்ச்சியபடி சுழலும் கையில் இடித்து அதை நிறுத்திவிடும். கை சுற்றவில்லையென்றால் பாதிப் பாத்திரம் அழுக்காகவே வரும்.

4. கனமானவற்றைக் கீழ்க்கூடையின் முன் ஓரத்தில், வாய் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்வாக வையுங்கள். பின்வரிசைக்குத் தட்டுகள் போதும். கூடையை இழுக்க, வளைந்த பிடி உள்ள ஊன்றுகோலோ குடையோ உதவும். கதவின் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் அதே கோலால் கதவையும் கீழிருந்து தூக்கலாம். பாதியில் விட்டால் கதவு தடால் என்று விழுகிறதா? ஸ்பிரிங்கைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுங்கள். காலில் விழுந்தால் அடி பலமாக இருக்கும்.

இரும்பு தோசைக்கல், வார்ப்பிரும்புச் சட்டி, பித்தளை, செம்பு, மரக்கரண்டி, மண்சட்டி எதுவும் உள்ளே வேண்டாம். அலுமினியம் இந்தச் சோப்பின் காரத்தில் கறுத்துப் போகும். அலுமினியக் குக்கருக்கும் அதே கதிதான். எவர்சில்வர் குக்கரைக் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு வைக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எடுக்கும்போது அவசரம் வேண்டாம். முடிந்ததும் திறந்தால் சூடான ஆவி முகத்தில் அடிக்கும். கதவைச் சற்றே திறந்து அரைமணி விட்டால் பாத்திரமும் காய்ந்திருக்கும். கீழ்க்கூடையை முதலில் எடுக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை; மேலே தேங்கிய தண்ணீர் கீழே சொட்டாமல் இருக்கத்தான். நன்றாகக் காய்ந்த பிறகு மேலிருந்தே எடுக்கலாம். ஒவ்வொரு கனமான பாத்திரத்தையும் திரும்பி உயர அலமாரிக்குத் தூக்க வேண்டாம். முதுகைக் கெடுப்பது குனிந்தபடி திரும்புவதுதான். பக்கத்தில் இடுப்பு உயர டிராலி ஒன்று வைத்து, எல்லாவற்றையும் அதில் ஏற்றி, நிமிர்ந்து நடந்து போய் அடுக்குங்கள். அன்றாடத் தட்டுகளை மேல் அலமாரியிலிருந்து இறக்கி மேடைமட்ட ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டால் தோளும் தப்பிக்கும்.

சோப்பு

பொடியைக் குனிந்து அளந்து போடும்போது சிந்தும். மாத்திரை எளிது. உட்கார்ந்தபடி பெட்டியில் வைத்து மூடினால் முடிந்தது. மூடியில் ஈரம் இருந்தால் மாத்திரை ஒட்டிக்கொண்டு கரையாமல் நிற்கும், துடைத்துவிட்டு வையுங்கள். குனிய முடியவில்லை என்று மாத்திரையை இயந்திரத்தின் அடியில் எறிபவர்கள் உண்டு. முன்அலசல் உள்ள புரோகிராமில் அது முதல் தண்ணீரிலேயே கரைந்து வடிந்துவிடும். உண்மையான கழுவலுக்குச் சோப்பே மிஞ்சாது, எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். கையால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டுகூட விட வேண்டாம். நுரை பொங்கித் தரைக்கு வரும், அந்த ஈரத்தில் வழுக்கி விழுவது யார் என்று யோசியுங்கள்.

உப்பு: குனிவதைக் குறைக்கும் கணக்கு

போர் தண்ணீர் உள்ள வீட்டில் அதிகம் தொந்தரவு தருவது இதுதான். இயந்திரத்தின் அடியில் உள்ள உப்புத் தொட்டி தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் பாகத்தைப் புதுப்பிக்கிறது. பொதுவாக 1 முதல் 1.5 கிலோ பிடிக்கும். முதல்முறை மட்டும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பிறகு உப்பு போட வேண்டும். சமையல் உப்பு வேண்டாம். கட்டியாகாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள் தொட்டியை அடைக்கும். டிஷ்வாஷருக்கான பரல் உப்பு மட்டுமே.

தண்ணீரின் கடினத்தன்மையை ஒரு சோதனைப் பட்டையில் அளந்து, அந்த எண்ணை இயந்திரத்தில் பதியுங்கள். கையேட்டில் ஜெர்மன் அளவு இருந்தால் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணை 17.8-ஆல் வகுங்கள்; 360 பிபிஎம் என்றால் ஏறக்குறைய 20. தேவைக்கு மேல் பதிந்தால் உப்பு வேகமாகத் தீரும், அதிகமுறை குனிய வேண்டும். குறைவாகப் பதிந்தால் டம்ளரில் வெள்ளைப் படலம் படியும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை இதற்குத் திருப்பிவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வருகிறது.

கூடையை வெளியே எடுத்து, மூடியைத் திருகி, நீண்ட நேரம் ஊற்றிக்கொண்டிருக்கும் இந்த வேலையை வீட்டுக்கு வரும் மகனிடமோ உதவியாளரிடமோ விடுங்கள். செய்பவரிடம் ஒன்று சொல்லுங்கள்: உப்பு போட்ட உடனே ஒரு கழுவல் ஓட்டிவிட வேண்டும். சிந்திய உப்புநீர் தங்கினால் எவர்சில்வர் தளமே துருப்பிடிக்கும். தண்ணீர் அவ்வளவு கடினமாக இல்லையென்றால், உப்பும் சேர்ந்த பலவகை மாத்திரையே போதும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. உங்கள் கையேட்டில் அதற்கான எல்லை எண்ணைப் பாருங்கள்.

ஃபில்டர்

நம் சமையலுக்கு வாரம் ஒருமுறை. இயந்திரம் ஆறியிருக்கட்டும். கீழ்க்கூடையை முழுதாக இழுத்துக் கழற்றுங்கள். காலியாக இருக்கும்போது அது எடை குறைவுதான். பக்கத்தில் உட்கார்ந்து, ரப்பர் கையுறை போட்டு, உருளை ஃபில்டரை இடப்புறமாகத் திருகித் தூக்குங்கள். கையுறை பிடிமானத்துக்கும் உடைந்த கண்ணாடித் துண்டுக்கும். மேடை கட்டிய இயந்திரத்தில் இது ஏறக்குறைய நாற்காலி உயரத்துக்கு வந்துவிடும். மேடை இல்லாதவர்கள் உப்புப் போடும் வேலையைப் போல இதையும் உதவியாளரிடம் கொடுங்கள், ஆனால் வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

பழைய பல்துலக்கி கொண்டு குழாயடியில் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். திரும்ப வைக்கும்போது இரண்டு அம்புக்குறிகளும் நேராக வரும்வரை திருக வேண்டும். பாதியில் விட்டால் ஃபில்டர் எழும்பிக் கீழ்க் கையைத் தடுக்கும், அழுக்கு பம்புக்குப் போகும். முடிந்ததும் மரக்கரண்டியால் சுழலும் கையை ஒரு சுற்றுத் தள்ளிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் சுற்ற வேண்டும். அதன் துளைகளில் கடுகு அடைத்திருந்தால் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம்.

கதவின் ரப்பர் ஓரத்தை, முக்கியமாகக் கதவின் கீழ் விளிம்பை, நீளப்பிடி வைத்த ஸ்பாஞ்சால் பத்து நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயந்திரம் சுத்தம் செய்யும் திரவத்தைப் போட்டு, பாத்திரம் இல்லாமல் 65 அல்லது 70 டிகிரி புரோகிராமில் ஓட்டுங்கள். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் கெடும்.

வேலை முடிந்ததும் கதவை முழுதாகத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். சாண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கதவு, இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வருபவரின் காலை நேராகத் தடுக்கும். காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளி விட்டால் போதும்.