இருப்புப்பாதையைக் கொண்டு ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வாசிப்பது எப்படி? இலங்கை மலைநாட்டுப் பாதையை முன்வைத்து

காலனிய ஆட்சியில் போடப்பட்ட இருப்புப்பாதை ஒரு பகுதியை எப்படி மாற்றியது என்று அறிய விரும்புவோர், முதலில் வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தின் அருகிலும் அது திறக்கப்பட்ட ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து சென்ற பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. சமதரையிலுள்ள யாழ்ப்பாணத்துக்கோ 1905இல்தான் கொழும்புடன் தொடர்பு கிடைத்தது. செலவு மிகுந்த மலை முந்திக்கொண்டதற்குக் காரணம் அங்கிருந்த கோப்பித் தோட்டங்களே.

அடுத்து, சந்தி நிலையங்களை உற்றுப் பார்க்க வேண்டும். பேராதனையில் பிரதான பாதை தெற்கே தோட்டங்களை நோக்கித் திரும்ப, மன்னர்களின் தலைநகராயிருந்த கண்டி மாத்தளைக்குச் செல்லும் கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்கிறது. கண்டி வழியாகப் பதுளைக்குச் செல்லும் வண்டிகள் இன்றும் அங்கே திசைமாறி, வந்த வழியே சிறிது தூரம் திரும்பியாக வேண்டும்.

பின்னர் பயிரின் வரலாற்றை அதே ஆண்டுகளோடு ஒப்பிடுக. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கோப்பி 1840களிலேயே, மாட்டுவண்டிகளை நம்பியே பெருகிவிட்டது. ஆகவே அதைப் புகையிரதம் உருவாக்கியது என்று எழுதுவது தவறு. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தபோது, அதற்கென்று போட்ட பாதை தேயிலைக்குக் கைகொடுத்தது. பறித்த அன்றே பதப்படுத்தத் தொடங்க வேண்டிய தேயிலைக்குத் தோட்டத்திலேயே தொழிற்சாலை வேண்டும். அதன் கனத்த இயந்திரங்களை மலையேற்றுவதும், நிரம்பிய பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதும் இருப்புப்பாதையால் எளிதாயின. பாதை பதுளையைத் தொட்டது 1924இல். அதற்குள் மலைநாடு தேயிலை நாடாகியிருந்தது.

சரக்கைப் பார்த்தவர்கள் ஆட்களை மறந்துவிடக் கூடாது. தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் இருபுறத்துப் பாதைகளும் இணைந்த பிறகு அந்தப் பயணம் வண்டியிலும் கப்பலிலுமாக அமைந்தது. எனவே சரக்கு இறங்கிய வழியை ஒரு நிறத்திலும் உழைப்பாளர் ஏறிய வழியை வேறொரு நிறத்திலும் தீட்டுவது நல்லது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு இரண்டாவது கோட்டில் அந்தத் துறை இல்லாமல் போனதையும் அதில் குறிக்க வேண்டும்.