ஸ்டீயரிங் பட்டன் சிக்கிக்கொண்டதா? அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பாட்டுச் சத்தம் தானாக ஏறும். குறைத்தால் மறுபடி ஏறும். சில கார்களில் யாரும் கூப்பிடாமலே வாய்ஸ் அசிஸ்டன்ட் விழித்துக்கொள்ளும். சிலவற்றில் க்ரூஸ் கண்ட்ரோல் (காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) செட் ஆகவே ஆகாது. மெக்கானிக்கிடம் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஸ்டீயரிங் சுவிட்ச் ஜாம் ஆயிடுச்சு, மாத்தணும்."

அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விரல் பட்டனை அழுத்துவதற்கும் சத்தம் ஏறுவதற்கும் நடுவே பல கட்டங்கள் உண்டு. பட்டன், அதன் அடியில் இருக்கும் ரப்பர், சுவிட்ச் போர்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங், அங்கிருந்து டேஷ்போர்டுக்குள் போகும் வயரிங், கடைசியில் ஸ்டீரியோ. எங்கே கோளாறு வந்தாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான். எந்தக் கட்டம் என்று பிரித்துப் பார்க்காமல் கண்ணுக்குத் தெரிகிற பட்டனை மாற்றிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

கழற்றும் முன்பே தெரிந்துவிடும் விஷயங்கள்

முதலில் ஸ்டீயரிங் கவரைப் பாருங்கள். தடிமனான கவரை இழுத்துத் தைக்கும்போது அதன் ஓரம் பட்டனின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். வெயிலில் கவர் சுருங்கினால் அழுத்தம் இன்னும் கூடும். இதைக் கவனிக்காமல் சுவிட்ச் வரை போகிறவர்கள் உண்டு.

அடுத்தது போன். வாய்ஸ் அசிஸ்டன்ட் தானாக வருகிறதென்றால் ப்ளூடூத்தைத் துண்டித்துவிட்டு, போனுக்கான யூஎஸ்பி கேபிளையும் உருவிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். தொந்தரவு நின்றுவிட்டால் ஸ்டீயரிங் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு ஸ்டீரியோ. தொடுதிரை கெட்டுப்போனால், யாரும் தொடாமலே தொட்டதாக எடுத்துக்கொள்ளும். சத்தம் கூட்டும் திருகு தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். வெளியே வாங்கிப் பொருத்திய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் சோதனை சுலபம். அதன் பின்னால் 'கீ 1', 'கீ 2' என்று குறித்த வயர்கள் ஸ்டீயரிங் பட்டன்களுக்கு உரியவை. அவற்றைக் கழற்றிய பிறகும் சத்தம் தானாக ஏறினால், ஸ்டீயரிங் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் புது ஸ்டீரியோ போட்டுக்கொண்டு வந்த மறுநாளே பட்டன்கள் குழம்ப ஆரம்பித்தால், சந்தேகம் முதலில் அந்தப் பொருத்தும் வேலையின் மேல்தான் விழ வேண்டும். ஒரு பட்டன் சிக்கிய நிலையில் இருக்கும்போதே எந்த பட்டன் எதற்கு என்று ஸ்டீரியோவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், ஸ்டீரியோ எல்லாவற்றையும் தப்பாகத்தான் பதிவு செய்திருக்கும்.

ஸ்ப்ரே பாட்டிலை எடுக்காதீர்கள்

பட்டன் சிக்கினால் பலருடைய கை நேராக டபிள்யூடி-40 பக்கம் போகிறது. அடித்ததும் பட்டன் வழுக்கிக்கொண்டு வேலை செய்யும். அதனால் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அந்த எண்ணெய்ப் படலம் உள்ளேயே தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும். சில வகை ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதனால் கெடவும் கூடும். வாட்டர் வாஷ் கடையில் டேஷ்போர்டு பாலிஷை நேரடியாக ஸ்டீயரிங் மேல் அடிப்பதும் இதே ரகம். துணியில் எடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

டீயோ கூல்டிரிங்க்ஸோ சிந்திப் பிசுபிசுத்திருந்தால், பிளாஸ்டிக்கைப் பாதிக்காத, படலம் விடாத எலெக்ட்ரிகல் காண்டாக்ட் கிளீனர்தான் பொருத்தம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் ஆகும். ஆல்கஹால் தீப்பிடிக்கக்கூடியது, பல காண்டாக்ட் கிளீனர்களும் அப்படித்தான். சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். பட்டனின் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அடியில் இருக்கும் ரப்பர் கிழியும். அதன் பிறகு சுத்தம் செய்து பயனில்லை.

ஒரே வயரில் ஏழெட்டு பட்டன்

இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும். பழைய கார்களிலும், இன்றும் பல கார்களிலும், ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் கிடையாது. எல்லா பட்டன்களும் ஒன்றிரண்டு வயர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொரு அளவுள்ள ரெசிஸ்டர் (மின்சாரத்தைத் தடுக்கும் சிறு பாகம், அதன் அளவு ஓமில் சொல்லப்படும்) இருக்கும். ஸ்டீரியோ அந்த வயரில் சிறிய வோல்டேஜ் ஒன்றை, பெரும்பாலும் 5 வோல்ட், கொடுத்துவிட்டு அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும். இறங்கும் அளவை வைத்துத்தான் எந்த பட்டன் என்று அறிகிறது.

இதனால் இரண்டு விசித்திரங்கள் நடக்கும். ஒன்று, ஒரே ஒரு பட்டன் சிக்கிக்கொண்டால் அந்த வயரில் இருக்கும் மற்ற பட்டன்களும் ஊமையாகிவிடலாம். சில கார்களில் ஒரு பட்டன் அளவுக்கு மீறி நேரம் அழுந்தியிருந்தால், கம்ப்யூட்டரே அதைக் கோளாறு என்று பதிந்துவிட்டு அந்தச் சுவிட்சைப் புறக்கணிக்கும். எட்டு பட்டன்களும் வேலை செய்யவில்லை என்பதற்காக எட்டும் கெட்டுவிட்டன என்றோ, வயர் அறுந்துவிட்டது என்றோ முடிவுகட்டக் கூடாது.

இரண்டாவது, சத்தத்தைக் கூட்ட அழுத்தினால் பாட்டு மாறுவது. உதாரணத்துக்கு ஒரு பட்டனுக்கு 300 ஓம், அடுத்ததற்கு 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பட்டனின் கார்பன் முனை தேய்ந்தோ அழுக்கேறியோ கூடுதலாக 600, 700 ஓம் சேர்ந்தால், ஸ்டீரியோவின் கண்ணுக்கு அது இரண்டாவது பட்டனாகவே தெரியும். இதைப் பார்த்துவிட்டு ஸ்டீரியோவில் சாஃப்ட்வேர் கோளாறு என்று ரீசெட் போட்டால் எதுவும் மாறாது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரியைத் துண்டித்த பிறகே ஓம் அளக்க வேண்டும். கரண்ட் ஓடும் சுற்றில் அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை, மீட்டரும் பாழாகலாம். எந்த பட்டனையும் தொடாதபோது மீட்டர் என்ன காட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறை விட்டதும் எண் அந்தப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். எந்த பட்டனை விட்டபோது திரும்பவில்லையோ, அல்லது தயங்கித் தயங்கித் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. பட்டனின் பின்னால் எரியும் சின்ன விளக்கு ஒளிர்வதை வைத்துச் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று சொல்வதும் தவறு. விளக்கின் சுற்று வேறு.

புதிய கார்கள் பலவற்றில் இந்த ஓம் கணக்கு செல்லாது. ஸ்டீயரிங்குக்குள்ளேயே ஒரு குட்டி மாட்யூல் இருந்து, 'லின்' எனப்படும் டிஜிட்டல் வழியில் செய்தி அனுப்பும். அங்கே அந்த பிராண்டுக்குரிய ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, பட்டனை அழுத்தும்போதே அது காட்டும் 'லைவ் டேட்டா' பார்ப்பதுதான் வழி.

கிளாக் ஸ்பிரிங்கை மறப்பது

ஸ்டீயரிங் சுழலும், பின்னால் இருக்கும் வயரிங் அசையாது. இரண்டையும் இணைப்பது சுருள் நாடாவாக இருக்கும் கிளாக் ஸ்பிரிங். சிலர் இதை ஸ்பைரல் கேபிள் என்பார்கள். பட்டன், ஹாரன், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பொதுவாக இதுதான் பாதை. 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகெங்கும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்ததற்கான காரணங்களில் இந்தக் கேபிளும் ஒன்று. இந்தியாவில் இன்னோவாவும் அதில் அடக்கம்.

அடையாளம் எளிது. காரை நிறுத்திவைத்து, இன்ஜின் ஓடட்டும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். திருப்பும் கோணத்துக்கேற்ப கோளாறு வந்து வந்து போனால் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மேல். எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி இருந்தால் பட்டன் பக்கம் பாருங்கள். ஹாரன் அடிக்கிறது என்பதால் கிளாக் ஸ்பிரிங் நலம் என்று நினைத்துவிடாதீர்கள். நாடாவில் பல தடங்கள் உண்டு; ஒன்று மட்டும் போயிருக்கலாம்.

ஏர்பேக் விஷயத்தில் விளையாட வேண்டாம்

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்த ஏர்பேக் இருப்பதே ஸ்டீயரிங்கின் நடுவில்தான். பல கார்களில் சுவிட்சைக் கழற்ற வேண்டுமானால் முதலில் அதைக் கழற்றியாக வேண்டும். வீடியோவைப் பார்த்துக்கொண்டே வீட்டு வாசலில் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியதும் கை வைக்கக் கூடாது. உள்ளே சேமிப்பில் இருக்கும் மின்சாரம் வடிய நேரம் வேண்டும். சில நிறுவனங்கள் 90 விநாடி என்கின்றன, சில 3 நிமிடம் என்கின்றன. 10 நிமிடம் காத்திருப்பதால் எதுவும் குறைந்துவிடாது. மஞ்சள் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) ஏர்பேக்குடையது. அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது, மீட்டர் அனுப்பும் சிறு கரண்டே அதை வெடிக்க வைக்கக்கூடும். கழற்றிய ஏர்பேக்கைக் கவிழ்த்து வைக்கவும் கூடாது. லோகோ இருக்கும் முகம் மேலே பார்க்க வேண்டும். கழற்றி வைத்த நிலையில் இக்னிஷனை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் இல்லாமல் அணையாமல் போகலாம்.

ஏர்பேக்கைத் தொடாமலே அளக்க ஒரு வழி பல கார்களில் உண்டு. பேட்டரியைத் துண்டித்துக் காத்திருந்த பிறகு, ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூடியைக் கழற்றினால் கிளாக் ஸ்பிரிங்கின் கீழ்ப்பக்கக் கப்ளர்கள் தெரியும். மஞ்சளை விட்டுவிட்டு, பட்டன்களுக்குரிய கப்ளரில் ஓம் அளக்கலாம். பட்டனும் நாடாவும் ஒரே அளவையில் சோதனையாகிவிடும். ஏர்பேக் வயரும் பட்டன் வயரும் ஒரே கப்ளரில் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனிடம் போங்கள்.

எரர் கோடை அழிப்பதும், ஸ்பேர் வாங்குவதும்

ஸ்கேனர் போட்டதும், கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் எரர் கோடை (கோளாறுக் குறியீட்டை) அழித்துவிடுவது பல இடங்களில் பழக்கம். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். க்ரூஸ் பட்டன் சிக்கினால் P0564, P0579 போன்ற கோடுகள் வரலாம். பாட்டு பட்டன் கோளாறு பெரும்பாலும் 'B' வரிசை பாடி கோடாக வரும், மலிவான ஓபிடி கருவி (சிறு ஸ்கேனர்) பெரும்பாலும் அதைப் படிக்காது. 'கோடு எதுவும் இல்லை' என்று அந்தக் கருவி சொன்னால் அதை முழுதாக நம்ப வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய சுவிட்ச் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் வடிவம் பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே மாடலில் வேரியண்ட் மாறினால் ரெசிஸ்டர் அளவும் மாறலாம். பார்ட் நம்பரை ஒப்பிட்டு, கடையிலேயே மீட்டர் வைத்து ஒவ்வொரு பட்டனையும் அளந்து வாங்குங்கள். கிளாக் ஸ்பிரிங் மட்டும் புதிதாகவே இருக்கட்டும், ஏர்பேக் அதை நம்பித்தான் இருக்கிறது. பொருத்தும்போது முன்சக்கரங்கள் நேராகவும் நாடா நடுநிலையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடலாம்.

வேலை முடிந்து காரை எடுக்கும் முன் இக்னிஷனை ஆன் செய்து ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டாலும் சரி, எரியவே இல்லாவிட்டாலும் சரி, பாட்டு எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.