ரிச்சி எவன்ஸை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள், ரிச்சர்ட் பெட்டி, டேல் எர்ன்ஹார்ட், ஜிம்மி ஜான்சன் ஆகிய மூன்று பெயர்களை முதலில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மூவரும், இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் உச்சத் தொடரான கப் தொடரை ஏழேழு முறை வென்றவர்கள். அப்புறம் எங்கோ ஓரிடத்தில் “ரிச்சி எவன்ஸ், ஒன்பது முறை நாஸ்கார் சாம்பியன்” என்று ஒரு வரி கண்ணில் படும். ஏழுதானே உச்சம், இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? கப் தொடரின் வெற்றிப் பட்டியலில் தேடினால் ஆளைக் காணோம். ‘சரி, ஏதோ வட்டார சாம்பியன் போல’ என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

அப்படித் தாண்டிப் போவதுதான் முதல் தவறு. தாண்டாமல் நின்று படிக்கிறவர்களும் வேறு சில தவறுகளைச் செய்கிறார்கள்.

‘மேலே போக முடியாதவர்’ என்று முடிவுகட்டுவது

நம் ஊர் ரசிகர்களுக்கு உடனே தோன்றும் உவமை ரஞ்சி கிரிக்கெட். ரஞ்சியில் ரன் குவித்தும் இந்திய அணிக்குத் தேர்வாகாத பாவப்பட்ட ஆட்டக்காரர் என்ற சித்திரம் மனதில் வந்துவிடும். இந்த உவமை இங்கே பொருந்தாது. ரஞ்சியில் ஆடுவதும் டெஸ்டில் ஆடுவதும் ஒரே ஆட்டம். எவன்ஸ் ஓட்டிய மாடிஃபைட் காரும் கப் காரும் ஒரே வண்டி கிடையாது.

மாடிஃபைட் காரைப் பார்த்த உடனே வித்தியாசம் தெரியும். முன்சக்கரங்களுக்கு மட்கார்டே இல்லை. உட்காரும் கூடு ஒடுங்கியிருக்கும், டயர்கள் அகன்று வெளியே துருத்தி நிற்கும், மூக்கில் கனமான இரும்புக்குழாய் பம்பர் இருக்கும். ஒரு காலத்தில் 1930-களின் பழைய கூபே கார்களின் கூட்டை வைத்துக் கட்டினார்கள். 1970-களில் ஃபோர்டு பின்ட்டோ, ஷெவர்லே வேகா போன்ற சின்னக் கார்களின் கூட்டுக்கு மாறினார்கள். உள்ளே இருப்பது பெரிய வி8 எஞ்சின். எடை குறைவு, சக்தி அதிகம், டயர் பிடிப்பும் அதிகம். பக்கத்துக் கார் சக்கரத்தோடு சக்கரம் மோதினால் வண்டியைத் தூக்கி எறிந்துவிடும். கப் காரில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிற மாதிரி இதில் போக முடியாது.

வரலாற்றிலும் மூத்தது மாடிஃபைட்தான். 1948 பிப்ரவரி 15 அன்று டேடோனா கடற்கரையில் நாஸ்கார் நடத்திய முதல் பந்தயமே மாடிஃபைட் பந்தயம். வென்றவர் ரெட் பைரன். கடையில் விற்கும் புதுக் கார்களை வைத்து ஓட்டும் தொடர், அதாவது இன்றைய கப் தொடரின் தொடக்கம், அதற்கடுத்த ஆண்டுதான் வந்தது. பின்னாளில் தொலைக்காட்சியும் சிகரெட் கம்பெனிப் பணமும் சேர்ந்து கப் தொடரை உயரத்தில் கொண்டுபோய் வைத்தன. வடகிழக்கு மாநிலங்களின் ரசிகர்கள் அதற்காகத் தங்கள் மாடிஃபைட்டைக் கைவிடவில்லை. நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் இன்றைக்கும் அதுதான் முதல் மரியாதை பெறும் வண்டி.

இதை மனதில் வைத்துக்கொண்டு எவன்ஸின் கதையைப் படித்தால் தொனியே மாறிவிடும். நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்துப் பண்ணைப் பையன். பதினாறு வயதில் பண்ணையை விட்டு ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் தெருவில் பந்தயம், அடுத்து நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) பந்தயம். 1962-ல் பக்கத்து யூட்டிகா-ரோம் ட்ராக்கில் ‘ஹாபி ஸ்டாக்’ எனப்படும் தொடக்கநிலை வண்டி. 1965-ல் மாடிஃபைட். முதல் தேசியப் பட்டம் 1973-ல்தான், அதாவது வட்ட ட்ராக்கில் இறங்கிப் பதினோரு ஆண்டு கழித்து. அதன்பின் 1978 முதல் 1985 வரை தொடர்ச்சியாக எட்டு.

வெற்றிகளை எண்ணும்போது எதை எண்ணுகிறோம் என்று பார்க்காமல் விடுவது

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1985-க்கு முன்னால் மாடிஃபைட் தேசியப் பட்டத்துக்கு இன்றைக்கு இருப்பது போன்ற நிலையான பந்தய அட்டவணை கிடையாது. நாஸ்கார் அங்கீகாரம் பெற்ற ட்ராக்குகளில் வாராவாரம் நடக்கும் பந்தயங்களில் ஓடிப் புள்ளி சேர்க்க வேண்டும். ஆண்டு முடிவில் யாரிடம் அதிகப் புள்ளியோ அவர் சாம்பியன். ஆக, வேகம் மட்டும் இருந்தால் போதாது. எத்தனை இரவுகள் ஓடுகிறீர்கள், எந்த இரவில் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். வெள்ளிக்கிழமை இரவு கனெக்டிகட்டின் ஸ்டாஃபோர்டு, சனிக்கிழமை நியூயார்க் மாநிலம் ஓவீகோவின் ஷாங்க்ரி-லா அல்லது மாசசூசெட்ஸில் கேளிக்கைப் பூங்காவுக்குள்ளேயே இருந்த ரிவர்சைடு பார்க், ஞாயிற்றுக்கிழமை தாம்சன் அல்லது யூட்டிகா-ரோம் என்று அந்தச் சுற்றின் வாரம் ஓடும். ரோமிலிருந்து ஸ்டாஃபோர்டுக்கு மட்டும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு போய், ஓட்டி, இரவோடு இரவாகத் திரும்பி, உடைந்ததைச் சரிசெய்து, மறுநாள் வேறு திசையில் கிளம்ப வேண்டும்.

ஒவ்வொரு ட்ராக்கும் வேறு ஜாதி. ரிவர்சைடு பார்க் ஒரு சுற்று ஏறக்குறைய 400 மீட்டர், ஸ்டாஃபோர்டு 800, தாம்சன் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் பின் அச்சில் பல்சக்கர விகிதத்தை மாற்ற வேண்டும். இடதுபக்கமே திரும்பும் பந்தயம் என்பதால் வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி பொறுக்கிப் போடுவார்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதும் ட்ராக்குக்கு ட்ராக் மாறும். வாரத்தில் மூன்று இரவு மூன்று வேறு வண்டியை ஓட்டுவதற்கு இது சமம்.

இப்போது 1979-ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். எவன்ஸ் 60 நாஸ்கார் மாடிஃபைட் பந்தயங்களில் ஓடி 37-ல் வென்றார். 54-ல் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தார். இதைக் கப் தொடரின் ஒரு சீசனோடு நேருக்கு நேர் வைத்து, ‘பெட்டி 1967-ல் 27 பந்தயம்தானே வென்றார், அப்படியானால் எவன்ஸ்தான் பெரியவர்’ என்று வாதாடுவது அர்த்தமில்லாத வேலை. தூரம் வேறு, எதிராளிகள் வேறு, வண்டி வேறு. அதே சமயம், ‘சின்னப் பந்தயங்கள்தானே’ என்று 37-ஐத் தள்ளுவதும் அதே அளவு அபத்தம். அறுபதில் ஐம்பத்து நான்கு முறை முதல் ஐந்துக்குள் வருவதென்றால் வண்டி உடையாமல் இருந்திருக்க வேண்டும், யாருடனும் சிக்காமல் இருந்திருக்க வேண்டும், ஊர் ஊராக அலைந்த களைப்பில் தவறு செய்யாமல் இருந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் 37-ஐவிட 54-தான் மலைப்பு.

மொத்த வெற்றி எத்தனை என்ற கேள்வியிலும் ஜாக்கிரதை. நானூறுக்கு மேல் என்பது உறுதி. துல்லியமாக ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். வாராந்திர ட்ராக்குகளில் ஓர் இரவில் தகுதிச் சுற்றும் இருக்கும், இறுதிப் பந்தயமும் இருக்கும். நாஸ்கார் அங்கீகாரம் உள்ள ட்ராக்கும் உண்டு, இல்லாத ட்ராக்கும் உண்டு. எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும். ‘நானூறுக்கு மேல்’ என்று எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஒன்பது பட்டங்களும் ஒரே மாதிரி என்று நினைப்பது

1985-ல் நாஸ்கார் விதியை மாற்றியது. வாராவார ஓட்டங்களில் புள்ளி சேர்க்கும் முறையை நிறுத்தி, குறிப்பிட்ட பந்தயங்கள் கொண்ட வின்ஸ்டன் மாடிஃபைட் டூர் வந்தது. இப்போது எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் மோத வேண்டும். அதிக இரவுகள் ஓடிப் புள்ளி அள்ளும் வழி அடைபட்டது. பழைய முறையின் ராஜா புதிய முறையில் தடுமாறுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அது நியாயமான எதிர்பார்ப்புதான். எவன்ஸ் அந்த முதல் சீசனில் 12 பந்தயம் வென்று பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். அவருடைய ஒன்பதில் இந்தக் கடைசிப் பட்டத்துக்குத் தனி எடை உண்டு. முன்னதெல்லாம் அலைச்சலில் சேர்த்த புள்ளிதான் என்று சொல்கிறவர்களுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

ஜெர்ரி குக்கை விட்டுவிடுவது

எவன்ஸைப் பற்றி மட்டும் எழுதி முடிப்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். 1971, 1972, மீண்டும் 1974 முதல் 1977 வரை என ஆறு மாடிஃபைட் பட்டங்கள் ஜெர்ரி குக் என்ற ஓட்டுநருடையவை. அவருக்கும் அதே ரோம் நகரம்! இருவரையும் சேர்த்தால் 1971-லிருந்து 1985 வரை பதினைந்து ஆண்டுகள் தேசியப் பட்டம் அந்த ஒரே ஊரை விட்டு வெளியே போகவே இல்லை. குக் 1982-ல் ஓட்டுவதை நிறுத்தினார். 1985-ல் புதிய டூர் தொடங்கியபோது அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். எவன்ஸ் கடைசிப் பட்டத்தை வென்றது தன் பழைய எதிராளி நடத்திய தொடரில் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

அவர் மரணத்தை விதி என்று எழுதுவது

1985 அக்டோபர் 24. வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் ட்ராக்கில் பயிற்சி ஓட்டம். மூன்றாவது வளைவில் சுவரில் மோதி எவன்ஸ் இறந்தார். வயது 44. ‘சாம்பியன் பட்டம் இறந்தபிறகு அளிக்கப்பட்டது’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது பிழை. முந்தைய வாரமே தாம்சனில் அந்த ஆண்டுப் பட்டத்தை அவர் உறுதிசெய்துவிட்டார்.

அதைவிடப் பெரிய பிழை, இந்த மரணத்தைச் சோக காவியமாக்கிக் காரணத்தை விட்டுவிடுவது. அந்தக் கால மாடிஃபைட் சேஸிஸ்கள், அதாவது வண்டியின் இரும்புச் சட்டங்கள், அளவுக்கு மீறி விறைப்பாகக் கட்டப்பட்டன. வளைவில் வண்டி வளையாமல் நின்றால் வேகம் கிடைக்கும் என்பதால் அப்படி. சுவரில் மோதும்போது நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்பு நசுங்காமல் நின்றால், அந்த விசை முழுக்க ஓட்டுநரின் உடம்புக்குத்தான் போகும். பெல்ட் மார்பைப் பிடித்து நிறுத்தும், தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. 1987-ல் இதே மார்ட்டின்ஸ்வில்லில் சார்லி ஜார்ஸம்பெக் என்ற இன்னொரு மாடிஃபைட் ஓட்டுநரும் இறந்தார். அந்த ஆண்டுகளின் மரணங்களுக்குப் பிறகுதான் முன்பகுதி மடங்கும்படி சேஸிஸைக் கட்டும் பேச்சு வலுத்தது. தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியை நாஸ்கார் தன் மேல்மட்டத் தொடர்களில் கட்டாயமாக்க 2001 ஆயிற்று, அதுவும் அந்த ஆண்டு பிப்ரவரியில் எர்ன்ஹார்ட் இறந்தபிறகு. வட்டாரத் தொடரில் விழுந்த அடியிலிருந்து மேல்மட்டம் பாடம் படிக்கப் பதினாறு ஆண்டு எடுத்துக்கொண்டது என்று நான் சொன்னால் கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். தேதிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

மார்ட்டின்ஸ்வில் என்றதும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு நினைவு வரலாம். ஃபார்முலா 1 ஓட்டிவிட்டு நாஸ்கார் பக்கம் போன நரேன் கார்த்திகேயன், 2010-ல் நாஸ்காரின் பிக்கப் டிரக் தொடரில் முதன்முதலாக ஓடியது இதே ட்ராக்கில்தான். 13-ஆவதாக முடித்தார். வளைவுகள் கான்கிரீட், நேர்ப்பகுதி தார், மொத்தச் சுற்றே ஏறக்குறைய 850 மீட்டர்தான். பிரேக் கொதித்துக்கொண்டே இருக்கும் இடம். பழக்கமில்லாத வண்டியில் அங்கே முழுப் பந்தயத்தையும் ஓட்டி முடிப்பதே பெரிய காரியம். ‘சின்ன ட்ராக், லேசான பந்தயம்’ என்று நினைப்பவர்கள் அந்தப் பந்தயத்தின் ஏதாவது ஒரு காணொளியைப் பார்க்கலாம்.

மேலே போய்த் திரும்பி வந்தவரைத் தோற்றவர் என்பது

இதற்கு எவன்ஸைவிட, இன்னொரு மாடிஃபைட் ஓட்டுநரான மைக் ஸ்டெஃபானிக் நல்ல உதாரணம். ஏழு மாடிஃபைட் பட்டம், நாஸ்காரின் வடகிழக்கு வட்டாரத் தொடரான புஷ் நார்த்தில் இரண்டு பட்டம், இவருக்கும் மொத்தம் ஒன்பது. 1997-லும் 1998-லும் ஒரே ஆண்டில் இரண்டு தொடரையும் வென்றவர். 1999-ல் தேசிய டிரக் தொடருக்குப் போய், நாற்பது வயதைத் தாண்டிய ‘புதுமுகமாக’ அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கினார். அப்புறம் மாடிஃபைட்டுக்கே திரும்பி 2001, 2002, 2006 பட்டங்களை வென்றார். இதில் தோல்வி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நாஸ்காரே இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1998-ல் வெளியிட்ட ஐம்பது சிறந்த ஓட்டுநர்கள் பட்டியலில் எவன்ஸும் குக்கும் இருக்கிறார்கள். 2012-ல் சார்லட்டின் நாஸ்கார் புகழ்மண்டபத்தில் கேல் யார்பரோ, டேரல் வால்ட்ரிப் ஆகியோரோடு எவன்ஸையும் சேர்த்தார்கள். குக் 2016-ஆம் ஆண்டு வரிசையில், ஸ்டெஃபானிக் 2021-ஆம் ஆண்டு வரிசையில்.

கடைசியாக ஒரு சின்னத் தவறு. எவன்ஸின் ஆரஞ்சு நிற 61-ஆம் எண் கார் மிகப் பிரபலம். அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் மாடிஃபைட் டூரில் மட்டும். கப் தொடரிலோ டிரக் தொடரிலோ 61 என்று எழுதிய வண்டி ஓடினால், அது யாரும் செய்த அவமரியாதை இல்லை. இணையத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது இதற்காகக் கொதித்தெழுகிறார்கள்.